கம்ப்யூட்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா? கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் கவனிக்க வேண்டியவை

புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி, "பிரிண்டர் வேலை செய்யவில்லை", "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்ற ரகம்தான். ஆனால் மதுரையில் இருக்கும் என் அக்காவிடமிருந்து வந்த போன் வேறு மாதிரி இருந்தது.

"தம்பி, கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டா ஷாக் அடிக்குதுடா. வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமா?"

அக்காவுக்கு அப்போது ஐந்தாவது மாதம். இரண்டு கடைகளின் கணக்கு வழக்கை வீட்டிலிருந்தே பார்த்துக் கொடுப்பதற்காக மாமா அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. விஷயம் தெரிந்ததும் அத்தை கம்ப்யூட்டரின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடி, "பிள்ளை பிறக்கிற வரைக்கும் இந்தப் பக்கமே போகக் கூடாது" என்று சொல்லிவிட்டார். மாதக் கடைசி, கணக்கு முடித்துக் கொடுக்க வேண்டிய நேரம். அக்காவுக்கு ஒரு பக்கம் வேலை பயம், இன்னொரு பக்கம் பிள்ளை பயம்.

நான் வேலை பார்ப்பது பெங்களூரில் ஏ.சி. போட்ட அலுவலகத்தில். குளிர்காலத்தில் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுப் பிடியைத் தொட்டாலே 'சுள்'ளென்று அடிக்கும். அந்த நினைப்பிலேயே, "அது சும்மா ஸ்டாட்டிக் எலெக்ட்ரிசிட்டிக்கா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டேன். போனை வைக்கப் போகும்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது.

"அக்கா, ஒரே ஒரு தடவை சுள்ளுன்னு அடிச்சிட்டு நின்னுடுதா, இல்ல தொட்டுக்கிட்டு இருக்கிற வரைக்கும் இருக்கா?"

"கையை எடுக்கிற வரைக்கும் விர்ருன்னு இருக்குடா. செருப்பு போட்டா தெரியல."

நான் சொன்ன பதில் தவறு என்று அப்போதே புரிந்துவிட்டது. "பிளக்கைப் பிடுங்கி வை. நான் சொல்ற வரைக்கும் தொடாதே" என்றேன். அத்தை போர்வை போட்டு மூடியது அந்த நிமிடத்துக்குச் சரியான வேலைதான்.

கம்ப்யூட்டர் வாங்கிய எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய வித்தியாசம் இது. 'சுள்' வேறு, 'விர்' வேறு. முதலாவதைக் கண்டு கர்ப்பிணிகள் பயப்பட வேண்டியதில்லை. இரண்டாவதை யாருமே அலட்சியம் செய்யக் கூடாது. இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'சுள்' என்பது என்ன?

பள்ளிக்கூடத்தில் பிளாஸ்டிக் சீப்பால் தலையைச் சீவிவிட்டுக் காகிதத் துண்டுகளை ஒட்டவைத்து விளையாடியிருப்பீர்கள். அதுதான் ஸ்டாட்டிக் எலெக்ட்ரிசிட்டி. தமிழில் நிலை மின்சாரம். இரண்டு பொருட்கள் ஒட்டி உரசிப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலெக்ட்ரான்கள் தாவுகின்றன. ரப்பர் செருப்போடு கார்ப்பெட்டில் நடக்கும்போதும், நைலான் அல்லது பாலியஸ்டர் துணியோடு நாற்காலியிலிருந்து எழும்போதும் இதேதான் நடக்கிறது. உடம்பில் ஏறிய மின்னூட்டம் போக வழியில்லாமல் காத்திருக்கும். ஏதாவது ஓர் இரும்பைத் தொட்டதும் ஒரே பாய்ச்சலாக வெளியேறிவிடும்.

காற்றில் ஈரம் இருந்தால் இந்த மின்னூட்டம் சேர்வதற்குள் கசிந்து போய்விடும். அதனால்தான் சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் ஜன்னல் திறந்திருக்கும் வீட்டில் இதை அதிகம் பார்க்க முடியாது. ஏ.சி. அறையிலும், காற்று வறண்டிருக்கும் மாதங்களிலும்தான் இதன் ஆட்டம்.

இதில் பலரையும் மிரள வைப்பது வோல்ட் கணக்கு. நம் கைக்கு 'சுள்' என்று உறைக்க வேண்டுமென்றாலே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். வறண்ட நாளில் கார்ப்பெட்டில் நடந்தால் 10,000 வோல்ட்டைக்கூடத் தாண்டலாம். "வீட்டு கரண்டே 230 வோல்ட்தானே? அப்படியானால் இது எத்தனை மடங்கு ஆபத்து?" என்று தோன்றும்.

அங்கேதான் கணக்கு மாறுகிறது. வோல்ட் என்பது அழுத்தம் மட்டுமே. பின்னால் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதுதான் முக்கியம். நம் உடம்பு ஒரு சின்ன கெபாசிட்டர் மாதிரி. அதன் கொள்ளளவு சுமார் 100 பைகோ ஃபாரட். 10,000 வோல்ட் ஏறியிருந்தாலும் அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் 5 மில்லி ஜூல்தான். ஒரு கிராம் எடையுள்ள பொருள் ஒன்றை, ஒரு பெரிய புளியங்கொட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள், அரை மீட்டர் உயரத்திலிருந்து கையில் போட்டால் எவ்வளவு அடி விழுமோ அவ்வளவு! அதுவும் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

வயிற்றில் உள்ள குழந்தைக்கு?

மின்சாரத்தைக் கடத்தும் ஒரு பொருளின் மேல் ஏறும் நிலை மின்னூட்டம் அதன் வெளிப்பரப்பில்தான் தங்கும். உள்ளே போகாது. கார் மேல் இடி விழுந்தாலும் உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் தப்பிப்பதற்கு இதே தத்துவம்தான் காரணம். நம் உடம்பு உப்புநீர் நிறைந்த ஒரு கடத்தி. மின்னூட்டம் தோலின் மேல்தான் இருக்கிறது. தொட்டதும் விரல் நுனி வழியாக இறங்கிவிடுகிறது. வலி தெரிவது அந்த விரல் நுனியில் மட்டும்தான்.

குழந்தை இருப்பதோ தோல், தசை, கருப்பை, பனிக்குட நீர் என்று இத்தனை சுற்றுக்கு உள்ளே. புளியங்கொட்டை அளவு ஆற்றல், அதுவும் விரல் நுனியோடு முடிந்துபோவது, அங்கே போய் எதையும் செய்துவிட முடியாது. எனவே 'சுள்' என்று ஒரு முறை அடித்தால் திடுக்கிடலாம், சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். திடுக்கிட்டதில் கையில் இருக்கும் சூடான காபியைக் கொட்டிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

அடி வாங்குவது ரேம்தான்

இந்த 'சுள்' உண்மையிலேயே யாரையாவது கொல்லுமென்றால் அது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சிப்புகளை. நமக்கு உறைக்க 3,000 வோல்ட் வேண்டும். சில சிப்புகள் சில நூறு வோல்ட்டிலேயே பழுதாகிவிடும். அதாவது நமக்குத் தெரியாமலேயே ஒரு ரேமை நாம் சாகடித்துவிட முடியும். சர்வீஸ் செய்பவர்கள் மணிக்கட்டில் பட்டை போல ஒன்றைக் கட்டி, அதன் ஒயரைக் கேபினட்டில் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடம்பில் சேரும் மின்னூட்டத்தை மெதுவாக இறக்கிவிடத்தான் அது. அந்த ஒயரில் 10 லட்சம் ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். தவறிப்போய் 230 வோல்ட் லைனில் கை பட்டாலும் அந்த ஒயர் வழியாக கால் மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாமல் அது தடுக்கும். மணிக்கட்டுப் பட்டை இருக்கிறதே என்று வெறும் ஒயரைக் கட்டிக்கொள்ளாதீர்கள். அது உயிருக்கு ஆபத்து.

'விர்' என்பது என்ன?

இனி அக்கா வீட்டுப் பிரச்சினைக்கு வருவோம். 'விர்' என்று விடாமல் இருக்கிறது என்றால் அது சுவரிலிருந்து வரும் மின்சாரம். கம்ப்யூட்டருக்குள் வருவது எப்படி?

கேபினட்டின் பின்பக்கம் பவர் ஒயர் மாட்டும் பெட்டிக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருவது இதுதான். இதன் வாசலில் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும். ஒன்று பேஸ் ஒயருக்கும் கேபினட்டுக்கும் நடுவில். மற்றொன்று நியூட்ரலுக்கும் கேபினட்டுக்கும் நடுவில். வடிகட்டிய இரைச்சல் எர்த் ஒயர் வழியாகத் தரைக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

வீட்டில் எர்த் இல்லை என்றால்? போக வழியில்லாத அந்த மின்சாரம் கேபினட்டின் மேலேயே நிற்கும். இரண்டு கெபாசிட்டர்களுக்கும் நடுவில் கேபினட் மாட்டிக்கொள்வதால், 230-இல் பாதி, அதாவது சுமார் 115 வோல்ட் அதில் காட்டும். வெறுங்காலோடு நின்று தொட்டால் நம் உடம்பே எர்த் ஒயராகிவிடுகிறது! அதனால்தான் செருப்புப் போட்டால் தெரிவதில்லை.

இங்கே ஓடும் கரண்ட் எவ்வளவு? 4.7 நானோ ஃபாரட் கெபாசிட்டர் என்றால் கணக்குப்படி சுமார் 0.34 மில்லி ஆம்பியர். ஒப்பிட்டுப் பார்க்கச் சில அளவுகள்:

- 0.5 முதல் 1 மில்லி ஆம்பியர்: கையில் உணர ஆரம்பிக்கும் அளவு. விரல் நுனி மட்டும் பட்டால் இதற்குக் குறைவாகவும் தெரியலாம்.
- 10 மில்லி ஆம்பியர்: தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம்.
- 30 மில்லி ஆம்பியர்: மூச்சுத் திணறலாம். உயிர் காக்கும் ஆர்.சி.சி.பி. கருவி இந்த அளவைத் தாண்டாமல் சப்ளையைத் துண்டிக்கும்.
- 50 மில்லி ஆம்பியருக்கு மேல்: இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்.

ஆக, அந்த 'விர்'ரின் கரண்ட் சிறியதுதான். இது வரை தொட்டதை நினைத்து அக்கா தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிறகு ஏன் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன்?

'விர்' ஓர் எச்சரிக்கை மணி. "உன் வீட்டில் எர்த் இல்லை" என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. நாளை எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் ஓர் ஒயரின் இன்சுலேஷன் போய்க் கேபினட்டில் பட்டுவிட்டால் என்ன ஆகும்? எர்த் இருந்தால் பெரிய கரண்ட் பாய்ந்து பியூஸ் போய்விடும், அல்லது எம்.சி.பி. விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் எதுவும் விழாது. கேபினட் முழுவதும் 230 வோல்ட்டோடு அடுத்துத் தொடப்போகும் கைக்காகக் காத்திருக்கும். ஈரக் கையும் வெறுங்காலுமாக இருந்தால் உடம்பின் மின்தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். அப்போது பாய்வது 230 மில்லி ஆம்பியர்.

அக்கா வீட்டில் கண்டது

அந்த வார இறுதியில் மதுரைக்குப் போனேன். சுவிட்ச் போர்டில் மூன்று ஓட்டை சாக்கெட் அழகாக இருந்தது. மேலே இருக்கும் பெரிய ஓட்டைதான் எர்த். மெயினை நிறுத்தி, எலெக்ட்ரீஷியன் போர்டைக் கழற்றிப் பார்த்தார். அந்தப் பெரிய ஓட்டையின் பின்னால் ஓர் ஒயரும் இல்லை. பழைய வாடகை வீடு. எர்த் குழியே போடவில்லை. மூன்று ஓட்டையைப் பார்த்து எர்த் இருக்கிறது என்று எல்லோரும் நம்பியிருக்கிறோம்.

எலெக்ட்ரீஷியன் ஒரு சுலப வழி சொன்னார். "நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயர் எடுத்து எர்த் பின்னுல கொடுத்துடலாம் சார். விர்ருன்னு வர்றது நின்னுடும்." நிற்கும்தான். ஆனால் எங்காவது நியூட்ரல் ஒயர் அறுந்தால், அந்தத் துண்டு ஒயர் வழியாகக் கேபினட்டுக்கு முழு 230 வோல்ட்டும் வந்துவிடும். இந்த வேலையை யார் செய்யச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதேபோல் தண்ணீர்க் குழாயில் எர்த் கொடுப்பதும் வேண்டாம். இன்றைய குழாய்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக். அவை எர்த் ஆகாது. பழைய இரும்புக் குழாய் என்றால் குளிக்கும் இடத்தில் ஷாக் அடிக்கும்.

வீட்டு உரிமையாளரிடம் மாமா பேசினார். முதலில், "இத்தனை வருஷமா யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றார். அத்தை குறுக்கே வந்து, "மாசமா இருக்கிற பொண்ணு, ஏதாவது ஆச்சுன்னா நீங்க பதில் சொல்வீங்களா?" என்று கேட்டதும் சம்மதித்தார். கொல்லைப்புறத்தில் குழி தோண்டி, எட்டடி இரும்புக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, அங்கிருந்து மெயின் போர்டு வரை ஒயர் இழுத்தார்கள். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மாட்டினோம். மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230-ஐ ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஓரிரு வோல்ட்டும் காட்டியது. கேபினட்டில் 'விர்' போயே போய்விட்டது. அத்தையே வந்து போர்வையை எடுத்தார்.

கர்ப்பத்தில் கரண்ட் ஷாக் அடித்தால்?

கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் கிரைண்டர், வாட்டர் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் என்று வீட்டில் ஷாக் அடிக்க இடங்கள் நிறைய. கர்ப்பிணிகளுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். காரணம், பனிக்குட நீரும் குழந்தையின் மெல்லிய தோலும் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். கரண்ட் எந்த வழியாகப் போகிறது என்பதும் முக்கியம். ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் அது மார்பு வழியாகப் போகும். கருப்பை பெரும்பாலும் வழியில் இல்லை. கையில் ஏறிக் காலில் இறங்கினால் கருப்பை வழியில்தான் இருக்கிறது.

முன்பு மருத்துவ இதழ்களில் மோசமாக முடிந்த கேஸ்களே அதிகம் எழுதப்பட்டதால், கர்ப்பத்தில் ஷாக் அடித்தாலே குழந்தை பிழைக்காது என்ற எண்ணம் இருந்தது. 1997-இல் கனடாவின் டொரண்டோ நகரில் இயங்கிய மதர்ரிஸ்க் என்ற ஆலோசனை மையத்தைச் சேர்ந்தவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கர்ப்ப காலத்தில் ஷாக் அடித்த 31 பெண்களைத் தொடர்ந்து கவனித்ததில் 28 பேருக்கு நல்ல ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்தன. இரண்டு பேருக்குக் கருச்சிதைவு ஆனது. ஒரு குழந்தைக்கு இதயச் சுவரில் துளை இருந்தது. ஷாக் அடிக்காத பெண்களோடு ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் முடிவு.

மனதுக்குத் தெம்பு தரும் செய்திதான். ஆனால் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. ஒன்று, 31 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இரண்டாவது, அவர்களில் பெரும்பாலானோருக்கு அடித்தது அந்த நாட்டு வீடுகளில் வரும் 110 வோல்ட். நம் வீட்டில் வருவது 230. எனவே பயந்து நடுங்கவும் வேண்டாம், "ஒன்றும் ஆகாது" என்று சும்மா இருக்கவும் வேண்டாம்.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் உண்மையிலேயே ஷாக் அடித்துவிட்டால் செய்ய வேண்டியவை:

1. முதலில் மெயினை நிறுத்துங்கள். அதற்கு முன் அவரைக் கையால் தொட்டு இழுக்காதீர்கள். மெயின் எட்டாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளிவிடுங்கள்.
2. மயக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சு படபடப்பு, தீக்காயம் எது இருந்தாலும் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.
3. நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் அன்றே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். எந்த மாதம், எதைத் தொட்டபோது, எந்தக் கை, வெறுங்காலா, எவ்வளவு நேரம் என்று அவரிடம் சொல்லுங்கள். குழந்தையின் இதயத் துடிப்பை அவர் பார்ப்பார். ஐந்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் சில மணி நேரம் வைத்துக் கவனிக்கலாம்.
4. ஷாக்கில் கீழே விழுந்திருந்தால் அதைத் தவறாமல் சொல்லுங்கள். வயிற்றில் பட்ட அடியும் கரண்ட் அளவுக்கே கவனிக்க வேண்டியது.
5. அடுத்து வரும் நாட்களில் ரத்தக் கசிவு, வயிற்று வலி, நீர் கசிதல், குழந்தையின் அசைவு குறைதல் எது தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள்.

லேப்டாப்பும் 'விர்' என்கிறதே?

உலோக உடல் கொண்ட சில லேப்டாப்புகளைச் சார்ஜில் போட்டுத் தடவினால் மெல்லிய அதிர்வு தெரியும். அதன் அடாப்டருக்கு இரண்டே பின்கள் இருந்தால், அது எர்த் இல்லாமலே வேலை செய்யும்படி இரட்டை இன்சுலேஷனோடு செய்யப்பட்டது. உள்ளே இருக்கும் ஒரு சின்ன கெபாசிட்டர் வழியாக வரும் கசிவுதான் அந்த அதிர்வு. தரமான அடாப்டரில் இது கால் மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆபத்தில்லை. பிடிக்கவில்லையென்றால் சார்ஜ் ஏற்றி முடித்துவிட்டு ஒயரைக் கழற்றி வேலை பாருங்கள்.

அடாப்டரில் மூன்று பின்கள் இருந்து அப்படியும் அதிர்ந்தால் எர்த்தைப் பாருங்கள். பெயர் தெரியாத மலிவு அடாப்டர்களை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே என்ன கெபாசிட்டர் போட்டிருக்கிறார்கள் என்பது செய்தவருக்கே வெளிச்சம்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்காரலாமா?

அத்தை கேட்ட கடைசிக் கேள்வி இது. பழைய பிக்சர் டியூப் மானிட்டர்கள் வந்த புதிதில், 1980-களில், இதே பயம் உலகம் முழுவதும் இருந்தது. அந்தத் திரைகளில் கையை வைத்தால் முடி சிலிர்க்கும் அளவுக்கு நிலை மின்னூட்டமும் இருந்தது. அமெரிக்காவில் டெலிபோன் ஆபரேட்டர்களாக வேலை பார்த்த பெண்களை வைத்து அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நடத்திய ஆய்வு 1991-இல் வெளியானது. அந்தத் திரைகள் முன்னால் வேலை பார்த்தவர்களுக்குக் கருச்சிதைவு அதிகமாக ஏற்படவில்லை என்று அது காட்டியது. இன்றைய தட்டைத் திரைகளில் அந்த உயர் வோல்ட் டியூபே கிடையாது. ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்காராமல் அவ்வப்போது எழுந்து நடந்தால் போதும்.

இன்று மாலையே செய்யக் கூடியவை

- 'சுள்'ளா, 'விர்'ரா என்று யோசித்துப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், கதவுப் பிடியிலும்கூட ஒரு முறை அடித்து நின்றால் அது 'சுள்'. பிளக் மாட்டியிருக்கும்போது மட்டும், தொடும் வரை இருந்தால் 'விர்'. சோதிக்கிறேன் என்று மறுபடி தொட்டுப் பார்க்காதீர்கள்.
- 'விர்' என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மல்டிமீட்டர் கொண்டு வரச் சொல்லுங்கள். டெஸ்டர் எரிவதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.
- மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைப்பது, இரண்டு பின் கன்வெர்ட்டரில் மாட்டுவது இரண்டும் வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஒயரிலும் எர்த் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.
- ஆர்.சி.சி.பி. இருந்தால் மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் விழ வேண்டும்.
- ஈரக் கையோடு சுவிட்ச், பிளக் எதையும் தொடாதீர்கள். தரையைத் துடைத்த ஈரம் காயும் வரை கம்ப்யூட்டர் பக்கம் போகாதீர்கள்.
- 'சுள்' தொல்லை என்றால் பருத்தி உடை அணியுங்கள். இரும்பைத் தொடும் முன் சுவரில் ஒரு நொடி கையை வையுங்கள், அல்லது கையிலுள்ள சாவியால் முதலில் தொடுங்கள். வலி சாவியோடு போய்விடும்.
- செருப்பு விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. செருப்புப் போட்டால் 'சுள்' கூடும், 'விர்' குறையும். சந்தேகம் இருக்கும் வரை செருப்புப் போட்டுக்கொள்வதே நல்லது. ஆனால் செருப்பு எர்த்துக்கு மாற்று ஆகாது.

அக்கா இப்போது கணக்கு வேலையைப் பழையபடி பார்க்கிறாள். வீட்டு உரிமையாளர் அடுத்த வாரமே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தன் போர்ஷனிலும் பிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாராம். அங்கேயும் மூன்று ஓட்டைகளின் பின்னால் இரண்டே ஒயர்கள்தான்!

உங்கள் வீட்டு சாக்கெட்டின் அந்தப் பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயர் இருக்கிறதா? புதுக் கம்ப்யூட்டருக்கு ஆன்டி வைரஸ் தேடுவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.